இரங்கல் எழுத ஆள் இருக்கு, கேள்வி கேட்க ஆள் இல்லையா?

ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த விஷயம். இன்றைக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஜூலை. ஊரடங்கு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள், படிக்கவும் ஒன்றுமில்லை. அப்பா எப்போதோ வாங்கி வைத்த டிவிடிகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்ததுதான் 'தி ஹெய்ரஸ்' (1949). காதலன் வராமல் ஏமாற்றிய ராத்திரி, கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். வசனம் கிடையாது. அந்த நடையிலேயே ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்துபோனது தெரியும். யார் இந்த அம்மா என்று தேடினேன். ஒலிவியா டி ஹாவிலண்ட். வயது 104. பாரிசில் உயிரோடு இருக்கிறார்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரிடம் அந்தப் படிக்கட்டைப் பற்றி யாராவது இன்னும் கேட்க முடியும் என்ற நினைப்பே பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 26-ஆம் தேதி அவர் இறந்துபோனார். மறுநாள் காலை செய்தி பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் நீள நீளமாக இரங்கல். 1939-இல் வந்த 'கான் வித் தி விண்ட்' படத்துண்டுகள், பிறந்த ஊர் டோக்கியோ, தங்கை ஜோன் ஃபான்டைனோடு இருந்த சண்டை என்று எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது. எப்படி இவ்வளவு வேகம் என்று அப்போது ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, இதெல்லாம் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருப்பார்களாம். எலிசபெத் டெய்லர் 2011-இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் போட்ட இரங்கல் கட்டுரையை எழுதியவர் மெல் கஸ்ஸோ. அவரே 2005-இல் இறந்துபோனவர். எழுதியவர் போய் ஆறு வருஷம் கழித்து, எழுதப்பட்டவர் போகிறார். கட்டுரை மட்டும் அலமாரியில் பத்திரமாகக் காத்திருந்திருக்கிறது.

இந்தப் பதிவின் மொத்த வயிற்றெரிச்சலும் இதுதான் மக்களே. ஒரு மனிதர் சாவதற்கு முன்னால் அவரைப் பற்றி எழுதி வைக்க நேரம் இருக்கிறது, பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதே மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு கேமராவை வைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேச மட்டும் எதுவும் இல்லை. என்னய்யா நியாயம்?

பழைய ஹாலிவுட் படங்களின் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே ஆசைப் பட்டியல். "இவர் இன்னும் இருக்கிறாரே, யாராவது டிவியில் ஒரு பேட்டி எடுக்கக் கூடாதா?" பட்டியல் வருஷா வருஷம் சுருங்குகிறது. 2014 ஒரே வருஷத்தில் ஷெர்லி டெம்பிள், மிக்கி ரூனி, லாரன் பேக்கால், லூயிஸ் ரைனர். 2020-இல் கிர்க் டக்ளஸ், மௌனப் பட காலத்துக் குழந்தை நட்சத்திரம் பேபி பெக்கி, பிறகு ஒலிவியா. ஒவ்வொரு தடவையும் ஒரு பெயரை அடிக்கிறோம், "அடடா" என்கிறோம், அடுத்த பெயருக்குப் போகிறோம்.

சரி, பேட்டி எடுத்தால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு மூன்று உதாரணம்.

முதலாவது, பெட்டி ஹட்டன். 1940களில் பாரமவுண்ட்டின் பெரிய நட்சத்திரம். 1950-இல் 'ஆனி கெட் யுவர் கன்'. அதன் பிறகு எல்லாம் சரிந்து, ரோட் ஐலண்டில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் பழைய படச் சேனலான டர்னர் கிளாசிக் மூவீஸ் 2000-இல் இவரை அழைத்து, ராபர்ட் ஆஸ்பர்னோடு உட்காரவைத்துப் பேசவிட்டது. கூச்சமும் பயமும் அழுகையும் சிரிப்புமாக ஒரு மனுஷி தன் கதையைத் தானே சொன்னார். 2007-இல் அவர் இறந்தபோது அதே பேட்டியைத்தான் சேனல் மறுபடி போட்டது. அது இல்லாமல் இருந்திருந்தால் மிஞ்சியிருப்பது "சமையல்காரியான நடிகை" என்ற வம்புச் செய்தி மட்டும்தான்.

இரண்டாவது, லூயிஸ் ரைனர். அடுத்தடுத்த இரண்டு வருஷப் படங்களுக்கு, 1936-க்கும் 1937-க்கும், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். அடுத்த சில வருஷங்களிலேயே ஸ்டுடியோவோடு ஒத்துப்போகாமல் ஹாலிவுட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். 2010-இல் தன்னுடைய நூறாவது வயதில் லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்து, அதே சேனலின் திரைப்பட விழா மேடையில் பேசினார். நூறு வயதில்! கேட்டார்கள், வந்தார்.

மூன்றாவது, கிம் நோவாக். 2012-இல் அதே விழா மேடை. தன் மனநோயைப் பற்றியும், பாதியில் விட்டுப்போன திரைவாழ்வைப் பற்றியும் பேசிக் கண்கலங்கினார். 'வெர்டிகோ'வை நூறு தடவை பார்த்திருந்தாலும் இது தெரியாது. சொல்ல வேண்டியவர் சொன்னால்தான் தெரியும்.

ஆக, கேட்டால் பேசுகிறார்கள். கேட்பதுதான் நடப்பதில்லை.

இப்போது எதிர்த்தரப்பு சொல்லும் சப்பைக்கட்டுகளுக்கு வருவோம்.

"வயதானவர்களுக்கு ஞாபகம் சரியாக இருக்காது, சொல்வதையெல்லாம் நம்ப முடியாது." சரிதான், இருக்காது. அதனால்தான் இப்போதே கேட்க வேண்டும் என்கிறேன். அவர் தேதியை மாற்றிச் சொன்னால் ஸ்டுடியோ ஆவணத்தைக் காட்டி "இல்லையே, இது அடுத்த வருஷம்தானே?" என்று திருப்பிக் கேட்கலாம். இறந்தவரிடம் திருப்பிக் கேட்க முடியாது. தவிர, நான் தேதி கேட்கப் போகவில்லை. அந்த வெளிச்சத்தின் சூட்டில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள், யார் சொல்லிக்கொடுத்தது, எது பயமாக இருந்தது? இந்தக் கேள்விக்கெல்லாம் எந்த ஆவணத்திலும் பதில் இல்லை.

"யார் பார்ப்பார்கள்? காசு வராது." இதற்குப் பதில் 1980-லேயே கொடுத்தாகிவிட்டது. கெவின் பிரௌன்லோவும் டேவிட் கில்லும் இங்கிலாந்தின் தேம்ஸ் டெலிவிஷனுக்காக 'ஹாலிவுட்' என்று 13 பகுதித் தொடர் எடுத்தார்கள். மௌனப் பட காலத்து ஆட்கள் அப்போது எழுபது, எண்பது, தொண்ணூறு வயதில் இருந்தார்கள். குளோரியா ஸ்வான்சன், கொலீன் மூர், இயக்குநர் கிங் விடோர், சாப்ளினின் 'தி கிட்' படத்துச் சிறுவன் ஜாக்கி கூகன், சண்டைக் கலைஞர் யகீமா கனட் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார்கள். தேம்ஸ் தர்ம ஸ்தாபனம் இல்லை, விளம்பரத்தில் ஓடிய வணிகச் சேனல்.

அந்தத் தொடரில் வயோலா டேனா என்ற நடிகை வருவார். அவருடைய காதலர் ஓர்மர் லாக்லியர் ஒரு சாகச விமானி. 1920 ஆகஸ்டில் ஒரு படத்துக்காக ராத்திரியில் விமானத்தைச் செங்குத்தாக இறக்கியபோது தரையில் மோதி இறந்தார். டேனா அதை நேரில் பார்த்தவர். அறுபது வருஷம் கழித்து, கிழவியாக, கேமராவைப் பார்த்து அதைச் சொல்கிறார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "யார் பார்ப்பார்கள்" என்று யாராவது சொல்லட்டும், நான் பழைய படம் பார்ப்பதையே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் வெளிவந்தபோது இருந்த வடிவில் மிஞ்சியிருப்பது 14 சதவீதம்தான். கொலீன் மூரை நட்சத்திரமாக்கிய 'ஃபிளேமிங் யூத்' (1923) படத்தில் இன்று சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. படம் போய்விட்டது, நடித்தவர் இருந்தார். அவர் ஞாபகம்தான் அந்தப் படத்தின் கடைசிப் பிரதி. பிரௌன்லோ ஐந்து வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆலன் டுவான் 1981, கிங் விடோர் 1982, ஸ்வான்சன் 1983, கூகன் 1984. எண்ணிக்கொள்ளுங்கள்.

"பழைய பேட்டிகளே நிறைய இருக்கிறதே" என்பது மூன்றாவது சப்பைக்கட்டு. இருக்கிறதா? ஜானி கார்சன் 1962 முதல் 1972 வரை நியூயார்க்கிலிருந்து நடத்திய 'டுநைட் ஷோ'வின் பெரும்பகுதி டேப்புகளை அந்தச் சேனலே அழித்துவிட்டது. டேப் விலை அதிகம், அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சிக்கனம். பத்து வருஷத்தில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பேசியும் போயிற்று.

நான்காவது கொஞ்சம் நியாயமானது. "அவர்களே வேண்டாம் என்கிறார்கள், தொந்தரவு செய்யாதே." ஒப்புக்கொள்கிறேன். டீன்னா டர்பின் 1949-இல் சினிமாவை விட்டு பிரான்சுக்குப் போனார். 2013-இல் இறக்கும்வரை பத்திரிகைக்காரர்களைக் கிட்டத்தட்ட அண்டவே விடவில்லை. அது அவர் உரிமை. ஜீன் ஹேக்மன் 2004-க்குப் பிறகு நடிக்கவில்லை, தன் பாட்டுக்கு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னவரின் வாசலில் கேமராவோடு நிற்பது பேட்டி இல்லை, அநாகரிகம். ஆனால் ஒரு டர்பினைக் காட்டி, கேட்டால் பேசத் தயாராக இருந்த மற்ற எல்லோரையும் கேட்காமல் விடுவது சோம்பேறித்தனம். வேண்டாம் என்று அவர் சொல்லட்டும். அவர் சார்பில் நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

சேனல்களைத் திட்டியாயிற்று. இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். ரசிகர்களான நாம் என்ன யோக்கியமா?

நமக்குப் பேட்டி கிடைத்தால் என்ன கேட்போம்? "கிளார்க் கேபிள் நேரில் எப்படி?" "ஹிட்ச்காக் கொடுமைப்படுத்தினாரா?" "கேரி கிரான்ட்டுக்கு முத்தம் கொடுத்தது எப்படி இருந்தது?" எண்பது வருஷம் வாழ்ந்து உழைத்த ஒருவரை உட்காரவைத்து, செத்துப்போன இன்னொருவரைப் பற்றி விசாரிக்கிறோம். இதற்குப் பெயர் பேட்டியா? கல்யாண வீட்டில் பாட்டியிடம் போய் "தாத்தா எப்படி இருப்பார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிற கதை.

ஒலிவியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நினைவுகளை வைத்து 2004-இல் ஓர் ஆவணப்படம் வந்தது. பெயர் 'மெலனி ரிமெம்பர்ஸ்'. நினைப்பவர் ஒலிவியா, தலைப்பில் இருப்பது 1939-இல் அவர் போட்ட வேஷத்தின் பெயர். ஆனால் அந்த அம்மா அதைவிடப் பெரிய காரியம் செய்தவர். வார்னர் பிரதர்ஸோடு அவர் போட்டிருந்த ஏழு வருஷ ஒப்பந்தம் 1943-இல் முடிந்தது. "பிடிக்காத வேஷங்களை மறுத்ததற்காக உன்னைத் தற்காலிகமாக நீக்கி வைத்த நாட்கள் இருக்கின்றன, அதையும் சேர்த்து உழை" என்றது ஸ்டுடியோ. அவர் நீதிமன்றம் போனார். வழக்கு நடந்த காலத்தில் வேறு எந்த ஸ்டுடியோவும் வேலை தராதபடி ஜாக் வார்னர் பார்த்துக்கொண்டார். 1944 டிசம்பரில் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒலிவியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஏழு வருஷம் என்றால் காலண்டரில் ஏழு வருஷம், அவ்வளவுதான். இன்றைக்கும் அது டி ஹாவிலண்ட் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு நடிகரும் பாடகரும் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள். 28 வயதில் ஒரு ஸ்டுடியோவை எதிர்த்து ஜெயித்த பெண்ணிடம் கேபிளைப் பற்றியா கேட்பது? அந்த மாதங்களில் யார் போன் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று கேட்க வேண்டாமா?

ஈவா மேரி செயின்ட் 2024 ஜூலை 4-ஆம் தேதி நூறு வயதைத் தொட்டார். மவுண்ட் ரஷ்மோரில் தொங்கியதைப் பற்றியும் மார்லன் பிராண்டோ கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பற்றியும் அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஆனால் அவர் நியூயார்க்கின் நேரலைத் தொலைக்காட்சி நாடகங்களில் வளர்ந்தவர். 1953-இல் 'தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்' நாடகத்தில் லில்லியன் கிஷ்ஷோடு நேரலையில் நடித்தார். ரீடேக் கிடையாது, தப்பு செய்தால் நாடே பார்க்கும். மௌனப் படத்தின் முதல் பெரிய நடிகையும், இரண்டு வருஷம் கழித்து 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கப்போகிற புதுப்பெண்ணும் ஒரே அரங்கில்! கையுறையை விட்டுவிட்டு இதையல்லவா துருவ வேண்டும்?

நீளமும் ஒரு பிரச்சினை. இன்றைய ராத்திரி நேர நிகழ்ச்சிகளில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் பாதி கைதட்டல். 1973-இல் கேத்தரின் ஹெப்பர்ன் முதன்முதலாக டிவி பேட்டிக்கு ஒப்புக்கொண்டு டிக் கேவட்டோடு பேசியபோது, அதை இரண்டு ராத்திரி ஒளிபரப்பினார்கள். பார்வையாளர்கள் இல்லை, கைதட்டல் இல்லை, இரண்டு பேர் பேசுகிறார்கள். இன்றைக்கும் அதைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறோம்.

செய்ய முடியாத காரியமா இது? இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமியின் அறக்கட்டளை 1990களின் பிற்பாதியிலிருந்து டிவி உலகத்து ஆட்களைப் பேட்டி எடுத்து வருகிறது. நடிகர்கள் மட்டுமில்லை, கேமராமேன், எடிட்டர், உடை தைத்தவர் எல்லோரும் உண்டு. மணிக்கணக்கில் நீளும் பேட்டிகள் இணையத்தில் இலவசம். ஹிட்ச்காக்கின் 'சபோட்டர்' (1942) படத்தில் சுதந்திர தேவி சிலையிலிருந்து விழுவாரே, நார்மன் லாயிட், அவருடைய பேட்டியும் அதில் இருக்கிறது. 2021-இல் 106 வயதில் அவர் போனார். பேச்சு போகவில்லை.

ஆக வேண்டியது நான்குதான். ஒன்று, கேட்கப்போகிறவர் படங்களைப் பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு, அவரவர் வேலையைப் பற்றி அவரவரிடம் கேளுங்கள். மூன்று, நட்சத்திரத்தோடு நிற்காதீர்கள், ஸ்கிரிப்ட் கிளார்க்கும் எடிட்டிங் உதவியாளரும் கூட நடந்ததைப் பார்த்தவர்கள்தான். நான்கு, எடுத்ததைப் பெட்டியில் பூட்டி, ஆள் செத்த அன்றைக்குத் திறக்காதீர்கள். வெட்டாமல் இப்போதே போடுங்கள். அவரும் பார்க்கட்டும், தப்பிருந்தால் திருத்தட்டும்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை, உனக்கென்ன என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அவனுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு 1935-இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன், எம்.ஜி.ஆர். முதலில் நடித்த 'சதி லீலாவதி' (1936), எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945) எல்லாம் இயக்கியவர். 1950-இல் ஊர் திரும்பினார். 2001 டிசம்பர் வரை உயிரோடு இருந்தார். நம் சினிமாவின் ஆரம்ப காலத்தை உள்ளே இருந்து பார்த்த மனிதர், அரை நூற்றாண்டு காலம் ஒரு போன் அழைப்பு தூரத்தில்! அவரைப் பற்றி 'அன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' என்ற ஆவணப்படம் வந்தது 2013-இல். அவர் போய் 12 வருஷம் கழித்து. ஆகவே நண்பா, இந்த வியாதி அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

எனக்கு அந்தப் படிக்கட்டு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பெட்டியோடு ஏறும்போது அந்தத் தோள் ஏன் அப்படிச் சாய்ந்தது, அது இயக்குநர் வில்லியம் வைலர் சொன்னதா, களைப்பா, அவரே யோசித்ததா? ஜூலை 25-ஆம் தேதி வரை இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் இருந்தார். நானும் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஒரு சேனலுக்கு ஒரு வரி கூட எழுதவில்லை. இப்போது எழுத ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் பட்டியலிலும் இன்னும் அடிக்காத பெயர்கள் இருந்தால், இரங்கலுக்கு வைத்திருக்கும் மையில் கொஞ்சம் இன்றைக்கே செலவு செய்யுங்கள்.

பி.கு: 'தி ஹெய்ரஸ்' டிவிடி என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் திருப்பித் தர வேண்டும். அப்பா தேடுவார் :-)